இடது மடிப்பு மேலே

ஜூன் 4

அக்காவுக்கு,

இப்படித் திடீரென்று எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போனில் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். நீ "யாரு?" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், நீ எரிச்சலில் வைத்துவிடுவாய். அதனால் கடிதம். அலுவலக விஷயம் மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை.

நான் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்ததை அம்மா சொல்லியிருப்பாள். இங்கே பழங்கால உடைகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப்போகிறோம். உண்மையான பழைய துணிகள் எங்களிடம் உள்ளங்கை அகலக் கிழிசல்களாகத்தான் இருக்கின்றன. அதனால் முழு உடைகளை மாதிரியாகத் தைத்து வாங்க இயக்குநர் ஒரு நாடகக் குழுவுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். எந்தக் குழு என்று எனக்குத் தெரியாது. நேற்று மூட்டைகள் வந்தபோது தெரிந்துவிட்டது, நீ தைக்கும் குழுதான். எல்லாம் நீ போடும் முடிச்சு. மற்றவர்கள் கத்திரிக்கோல் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் நுனியைப் பிடித்து இழுத்தேன், அவிழ்ந்துவிட்டது. "எப்படிம்மா?" என்று கேட்டார்கள். சும்மா சிரித்து வைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரேக்கப் பெண்ணின் உடை என்பது ஒரே ஒரு நீளமான கம்பளித் துணி. அதை வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. உடம்பைச் சுற்றித் தோள்களில் ஊசி குத்திக்கொண்டால் ஆயிற்று. தையல் இல்லாததுதான் அதன் பெருமையே. நீ அதன் பக்கவாட்டில் ஜிப் வைத்திருக்கிறாய். அதுவும் நீல ஜிப். ரோமானியர் போர்த்திக்கொள்ளும் டோகாவின் தோளில் கொக்கி இருக்கிறது. எகிப்து ராஜாவின் இடுப்புத் துணிக்கு எலாஸ்டிக் வைத்திருக்கிறாய். அக்கா, எகிப்து ராஜாவுக்கு எலாஸ்டிக் எந்தக் கடையில் கிடைத்திருக்கும்?

டோகாவை ஆளுயரக் காட்சிப் பொம்மைக்குச் சுற்ற நாங்கள் ஒரு பிற்பகல் முழுக்கப் போராடினோம். இயக்குநர் எட்டிப் பார்த்து, "இது ரோமாபுரிப் பெரிய மனுஷனா, துவைக்கப் போற மூட்டையா?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

டோகாவைச் சுற்றும் முறையை விவரமாக எழுதி அனுப்பவும்.

தங்கை

ஜூன் 12

அடியே சின்னவளே,

"எழுதி அனுப்பவும்" என்றா எழுதுகிறாய்? நான் என்ன மின்வாரியமா? பேச்சுவார்த்தை நின்றுபோய் இரண்டு வருஷம் கழித்து ஒரு கடிதம் வருகிறது, பிரித்தால் ஜிப்பைப் பற்றி இருக்கிறது.

எங்கள் மேனேஜர் வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்: "வெளிநாட்டு ராஜா ராணி டிரெஸ் கொஞ்சம் வேணும், சீக்கிரம் தைச்சுக் குடு." அருங்காட்சியகம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மேடைக்கு என்று நினைத்துத் தைத்தேன். மேடையில் ராணி ஒரு பாட்டு முடிவதற்குள் பிச்சைக்காரியாக மாறி வர வேண்டும். தோளில் ஊசி குத்திக்கொண்டிருந்தால் உள்பாவாடையோடு வந்து நிற்பாள். ராஜாவுக்கு ஏன் எலாஸ்டிக் என்றால், எங்கள் ராஜா நடிகர் குழு ஊருக்கு ஊர் முகாம் மாறும்போதெல்லாம் பெருத்துக்கொண்டே போகிறார். போன வருஷம் சிம்மாசனத்தில் உட்காரும்போது அவர் இடுப்புத் தையல் பிரிந்த சத்தம் வாத்தியத்தையும் மீறிக் கேட்டது. உன் புத்தகத்தில் இதெல்லாம் எழுதியிருக்காது.

உன் பொம்மைக்கு அவசரம் இல்லை. ஜிப்பைப் பிரித்து எறி, எலாஸ்டிக்கை உருவு, கொக்கியை எடு. பிரிக்கவாவது கற்றுக்கொடுத்திருக்கிறேன் அல்லவா?

டோகா. துணியைத் தரையில் விரித்துப் பார். ஒரு பக்கம் நேராகவும் ஒரு பக்கம் வளைவாகவும் இருக்கும். வளைவு கீழே வர வேண்டும். நீங்கள் தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள், அதனால்தான் மூட்டை. ஒரு நுனி இடது தோளிலிருந்து முன்பக்கம் பாதம் வரை தொங்கட்டும். மீதியை முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய், வலது அக்குளுக்குக் கீழே எடுத்து, மார்புக்குக் குறுக்கே இழுத்து, மறுபடியும் இடது தோள் மேல் வீசு. முதலில் ஓர் ஆளை நிற்கவைத்துப் பழகு. தனக்குத்தானே சுற்றிக்கொள்ள முடியாது. சுற்றிய பிறகு இடது கையால் ஒரு செம்புத் தண்ணீர் கூடத் தூக்க முடியாது. எங்கள் ஆள் அதைப் போட்டுக்கொண்டு வசனத்தை மறந்தே போனார், அவ்வளவு கனம்.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். உன் பட்டமளிப்பு விழாவுக்கு நான் தைத்து அனுப்பிய உடை பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கடையில் வாங்கிய எதையோ போட்டுக்கொண்டு போனாய். நம் வீட்டில் முதல் பட்டம். அந்த உடம்பில் என் தையல் படக்கூடாது என்று நினைத்துவிட்டு, இப்போது எகிப்து ராஜாவுக்கு என்னிடம் யோசனை கேட்கிறாய்.

அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

டோகா நின்றுவிட்டது. நீ சொன்னபடி வாசல் காவலரை நிற்கவைத்து முதலில் அவருக்குச் சுற்றிப் பார்த்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதைக் கட்டிக்கிட்டு பஸ்ல எப்படி ஏறுறது?" என்று கேட்டார். ஏறவே மாட்டார்கள், நான்கு பேர் தூக்கிப் போவார்கள் என்றேன். "அப்ப சரி, எனக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லு" என்றார்.

எகிப்துத் துணியில் எலாஸ்டிக்கை உருவியதும் மடிப்பெல்லாம் கலைந்துவிட்டது. அப்பாவின் இஸ்திரிக் கடைக்கு எடுத்துப் போனேன். "யாருதும்மா இது?" என்றார். "ஒரு ராஜாவோடது" என்றேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராஜாவா? சட்டை எங்கே?" என்றார். அங்கே அந்தக் காலத்தில் ராஜாவும் பெரும்பாலும் மேல்சட்டை போடுவதில்லை என்று விளக்கினேன். நம்பவில்லை. ஆனால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். நீ தைத்தது நெருப்பு நிறத்தில் இருந்தது. கைகள் முழுக்கச் சுருக்கம், கழுத்தில் பளபளவென்று கரை. மேடையில் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று எடுக்கும் நிறம் அது. நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா? வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்வதற்கே எனக்கு வியர்க்கும். அந்த அரங்கில் எல்லாரும் சாம்பலும் வெளிர் நீலமுமாக இருந்தார்கள். பலருடைய அப்பாக்களும் அதே கல்லூரியில் படித்தவர்கள். அங்கே நான் மட்டும் அரசி வேஷத்தில் போய் நிற்பதா? நீ எனக்கென்று தைக்கவில்லை, உன் மேடைக்கென்று தைத்தாய். உன் தையலைக் குறைவாக நினைத்து நான் அதை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் நேரில் சொல்லியிருப்பேன். நீதான் விழாவுக்கே வரவில்லையே.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீ தைத்ததில் எதையும் பிரிக்கத் தேவைப்படாதது சீன அங்கி மட்டும்தான். அந்த உடையில் இடது மடிப்பு வலது மடிப்பின் மேல் வந்து, வலது பக்கம் முடிய வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு அப்படி. இறந்தவர்களுக்கு மாற்றி, வலது மடிப்பு மேலே. அதைக் கட்டும் நாடாவை நீ சரியான பக்கத்தில்தான் வைத்திருக்கிறாய். அதைத் தலை ஒரு பக்கம் திரும்பிய பொம்மைக்கு மாட்டினேன், இடது சுண்டுவிரல் உடைந்த ஒரு பொம்மை இங்கே இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் சுவரொட்டிக்கு எடுத்திருக்கிறார்கள். ஊர் ஊராக ஒட்டப்போகிறார்கள்.

தங்கை

ஜூலை 9

சின்னவளே,

உன் நல்ல செய்தி நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் புது முகாமுக்குப் பக்கத்தில் பஸ் நிலையச் சுவரில் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு என் அங்கி. வலது மடிப்பு மேலே. பிணத்துக்குப் போட்ட மாதிரி! கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன், பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நான் நாடாவைத் தைத்த விதத்துக்கு அந்த அங்கியை மாற்றிப் போடவே முடியாது. பிரித்தாயா? பிரித்து மறுபக்கம் தைத்தாயா? போன கடிதத்தில் எனக்கே பாடம் நடத்திவிட்டு இப்படிச் செய்வாயா?

இது போதாது என்று, நேற்று மேனேஜருக்கு உங்கள் இயக்குநர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்திருக்கிறது. யாரோ பேராசிரியர் சுவரொட்டியைப் பார்த்துச் சொன்னாராம். "தையலில் நேர்ந்த அடிப்படைத் தவறு" என்று எழுதியிருக்கிறார். இனிமேல் ஆர்டர் கிடையாதாம். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு வாசித்தார். வாசித்து முடித்து, "எந்தப் பக்கம் எதுன்னு தெரியாத ஆளுக்கு எதுக்கு கத்திரி?" என்றார். மாதக் கடைசியில் வெட்டும் மேஜையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நான் துணி அலசப் போக வேண்டுமாம். எத்தனை வருஷம் இந்த மேஜைக்காக நின்றேன் என்று உனக்குத் தெரியும். ராணிகளின் வியர்வையை அலசுவதற்கா?

என்ன நடந்தது என்று உடனே எழுது. "அனுப்பவும், பார்க்கவும்" எல்லாம் வேண்டாம்.

அக்கா

ஜூலை 13

அக்கா,

நாடாவை நான் தொடவில்லை. அங்கி நீ தைத்தபடியே மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், இடது மடிப்பு மேலே நிற்கிறது.

சுவரொட்டியில் படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் தெரிவது போல இடது வலதாகிவிட்டது. பொம்மையின் உடைந்த விரலைப் பார். பொம்மைக்கு இடது கையில், சுவரொட்டியில் வலது கையில். ஒட்டிய அன்றே எனக்குத் தெரியும்.

நீ திட்டுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் வந்து சுவரொட்டியைக் காட்டி, "செத்தவங்க உடையாச்சே இது?" என்று தன்மையாகத்தான் கேட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. இயக்குநர் முகம் சுண்டிப்போய் என் பக்கம் திரும்பி, "பொம்மைக்கு மாட்டினது நீதானே?" என்றார். "ஆமா சார்" என்றேன். "தைச்சு வந்தபடியே மாட்டினியா?" "ஆமா சார்." "அப்ப தைச்சவங்க தப்பு." நான் "இல்ல சார்" என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். அவர் போன் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன். முடித்ததும், "இன்னும் ஏம்மா நிக்கிற?" என்றார். வந்துவிட்டேன்.

மாடியில் இருக்கும் அங்கியைப் போய்ப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அக்கா. எல்லாரும் காகிதத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். படிக்கட்டு ஏறினால் போதும். நான் தினமும் அதைச் சொல்வதற்காகத்தான் அவர் அறைக்குப் போகிறேன். போய், "காபி வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டு வருகிறேன். மேனேஜருக்கு இப்படி ஒரு கடிதம் போயிருப்பது எனக்குத் தெரியாது.

தங்கை

ஜூலை 17

வாயில்லாப்பூச்சியே,

காபியா? அக்காவின் சோற்றில் மண் விழுகிறது, நீ காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாயா?

எனக்கு எழுதுகிறபோது உனக்கு எவ்வளவு வாய்! நீல ஜிப்பாம், எலாஸ்டிக் எந்தக் கடையிலாம். அந்த வாயைக் கொண்டுபோய் இயக்குநரிடம் காட்டு. உடைந்த விரலைக் கூடக் கவனிக்கிற கண் உனக்கு இருக்கிறது. பார்த்துப் பார்த்து உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்? மேனேஜரிடம் நான் சொன்னால், "ஆமா, எல்லா டெய்லரும் இதைத்தான் சொல்வாங்க" என்கிறார். அங்கே இருப்பவள் நீ. மாட்டியவள் நீ. நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. விழாவுக்கு நான் வரவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தை வீசி எறிந்தேன். ஆனாலும் அங்கியைப் பற்றிய சண்டையில் அதைப் பேச நேரமில்லை. இப்போது சொல்கிறேன். வந்தேன். பஸ் தாமதம், அரங்கம் நிறைந்திருந்தது, கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. மேடையில் வரிசையாக ஏறினீர்கள், எல்லாம் சாம்பல், எல்லாம் வெளிர் நீலம். மைக் சரியில்லை, பெயர் ஒன்றும் காதில் விழவில்லை. நீ எப்போது ஏறினாய், எப்போது இறங்கினாய் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒருத்திக்கு நீதான் என்று நினைத்துக் கை தட்டினேன். அவள் திரும்பியபோது வேறு முகம். வெளியே வந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

எனக்குக் கடைசி வரிசைதான் கிடைக்கும் என்று தெரியும். அதனால்தான் அந்த நிறம் எடுத்தேன். என் மேடைக்காகவாம்!

சொல்லிவிட்டு எழுது. சொல்லாமல் எழுதாதே.

அக்கா

ஜூலை 24

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மாடியில், அந்த அங்கிக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். தூணுக்குப் பக்கத்தில் என்று நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுபோய், திரும்பத் திரும்ப அதையே படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தூண் எனக்கு நினைவிருக்கிறது. மேடையிலிருந்து அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காலணியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வாயால் சொல்லப் போனால் மறுபடியும் காபியில்தான் முடியும் என்று தெரிந்தது. அதனால் பொம்மையையே கூட்டிப் போனேன். காவலர் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, லிஃப்டில் இறக்கினோம். "பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்கும்மா" என்றார் அவர். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர், பேராசிரியர், சுவரொட்டி வடிவமைத்தவர் எல்லாரும் இருந்தார்கள். கதவைக் காலால் தள்ளித் திறந்தேன். கை காலியாக இல்லை, வேறு வழி தெரியவில்லை.

"என்னம்மா இது, பொம்மையோட வாக்கிங்கா?" என்றார் இயக்குநர்.

சுவரில் இருந்த சுவரொட்டிக்குப் பக்கத்தில் பொம்மையை நிறுத்தினேன். காவலர் வாசலில் நின்று, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். "சார், இது உயிரோட இருக்கு. போஸ்டர்லதான் செத்துப்போச்சு" என்றேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை, வந்துவிட்டது. பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பொம்மையின் உடைந்த விரலைக் காட்டினேன், பிறகு சுவரொட்டியின் விரலைக் காட்டினேன். உள்நாடாவை அவிழ்த்து, மறுபக்கம் எட்டவே எட்டாது என்று இழுத்துக் காட்டினேன். கடைசியில், "தைச்சவங்க சரியாத்தான் தைச்சிருக்காங்க. தைச்சது எங்க அக்கா" என்றேன்.

வடிவமைத்தவர் முதலில் பேசினார். "பொம்மையோட முகம் தலைப்பைப் பார்க்காம வெளிப்பக்கம் பார்த்துச்சுன்னா யாரும் அதைப் படிக்க மாட்டாங்க. அதான் திருப்பினேன். துணிக்கும் பக்கம் இருக்குன்னு எனக்கு யார் சொன்னா?" அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இயக்குநர் அவர் பக்கம் கத்தினார், பிறகு என் பக்கம் கத்தினார். "வாயைத் திறக்க உனக்கு இவ்வளவு நாளா? வாரக்கணக்கா காபி வேணுமா, காபி வேணுமான்னு வந்து நின்னியே, இதுக்குத்தானா?" "ஆமா சார்" என்றேன்.

உங்கள் மேனேஜருக்குத் திருத்தக் கடிதம் அன்றே போய்விட்டது. எழுதியது நான், கையெழுத்து அவருடையது. "தவறு எங்கள் சுவரொட்டியில். தையலில் ஒரு குறையும் இல்லை" என்று எழுதினேன். அதையும் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல். மறுத்தால் எனக்கு எழுது, பொம்மையோடு வருகிறேன்.

இனி என் கஷ்டத்தைக் கேள். ஒட்டிய சுவரொட்டிகளை இனிக் கிழிக்க முடியாது. பேராசிரியர் சொன்னார், "கிழிக்காதீங்க. வர்றவங்ககிட்ட இந்தக் கதையைச் சொல்லுங்க, எல்லாரும் மடிப்பைப் பார்ப்பாங்க." இயக்குநருக்கு அது பிடித்துப்போய்விட்டது. தொடக்க விழாவில் ஒருவர் மேடையில் அங்கிக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் விளக்க வேண்டுமாம். "யார் சார்?" என்று கேட்டேன். "வேற யாரு? பேசத் தெரியும்னு நீதான் காட்டிட்டியே" என்றார். எத்தனையோ நாகரிகங்களின் உடைகளைப் பொம்மைகளுக்கு மாட்டிவிட்டேன். என் உடம்புக்கு எதை மாட்டுவது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே எல்லாம் சாம்பல். ஒரு வெளிர் நீலம்.

இந்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே கேட்டிருக்க வேண்டியதைக் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியிலிருந்து அந்த நெருப்பு நிறத்தை எடுத்தேன், அக்கா. போட்டுப் பார்த்தேன். தோள்பட்டையில் இறுக்குகிறது. உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன். பிறகு தளர்த்திக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் துணி மடித்து வைத்துத் தைத்திருக்கிறாய். நானே பிரித்துவிடலாம், அது எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி தைக்கத் தெரியாது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு விழா. மேனேஜரிடம் விடுப்பு கேட்டு முந்தின நாளே வா, தோளைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்துக் கொடு. நீ கடைசி வரிசையில்தான் போய் உட்காருவாய், உட்கார்ந்துகொள். இந்த முறை நான் அந்தப் பக்கம் பார்ப்பேன்.

தங்கை